பாரிசைப் பெருவிரலால் கடந்தவர்

குஞ்சித்தம்பி வாயைத் திறந்தால் பாரிஸ்தான் வெளியே வரும். ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் பன்னிரண்டாம் மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றில் அவரோடு குடியிருந்த நான்கு பேருக்கும் அந்தக் கதை மனப்பாடம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இரவு இறைச்சிக்கறி அடுப்பில் ஏறியதும் அவர் ஒரு கையில் அகப்பையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் பெருவிரலை, றோட்டில் போகிற வண்டியை மறித்து ஏறக் கேட்பதுபோல, உயர்த்திக் காட்டுவார்.

“இந்த விரல்தான் மனே. எண்பத்து நாலாம் ஆண்டு. பாரிஸ் வடக்கு வாசல். பத்து நிமிசம் நிண்டிருப்பன். ஆனை மாதிரி ஒரு லொறி வந்து நிண்டது. ஏறினன். பிறசல்ஸில இறக்கிவிட்டான். நீங்கெல்லாம் ஏஜென்சிக்காரன் அனுப்பின பார்சல். நான் விரலால வந்த மனிசன்.”

பார்சல்கள் சிரிக்கும். அவர்களுள் ஒரு பார்சலுக்கு அகஸ்ரின் என்று பெயர். வயது இருபத்தாறு. குருநகரில் அவன் வீட்டிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பொருளாதாரத்தில் பட்டம். அந்தப் பட்டம் இப்போது சூட்கேசின் அடியில், குளிர்கால உள்ளாடைகளுக்குக் கீழே, பிளாஸ்ரிக் உறைக்குள் படுத்திருந்தது. பட்டதாரியோ பிளாஸ்ரிக் கோப்பை செய்யும் பக்ரறியில், குஞ்சித்தம்பிக்குப் பக்கத்து மெசினில், கோப்பைகளை ஐம்பது ஐம்பதாக உறையில் போட்டுக்கொண்டிருந்தான். குஞ்சித்தம்பி கோப்பைகளைப் பார்க்காமலே போடுவார். அகஸ்ரின் பார்த்துத்தான் போடுவான். அப்படியும் அவருடைய உறைகள்தான் முதலில் நிரம்பும். அதற்காகவும் அவன் அவரை இளப்பமாக நினைத்தான்.

குஞ்சித்தம்பி ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் பதினெட்டு வருடம் ரிக்கற் கிழித்த மனிதர். அந்தப் பதினெட்டு வருடமும் அவர் உலகத்தைப் பார்த்தது பஸ்ஸின் மிதிபலகையில் நின்றபடிதான். கனடாவுக்கு வந்த பின்பும் அங்கிருந்து இறங்கவில்லை. ஸ்னோவைக் கண்டால் “உப்பளத்தில இதைவிட வெள்ளை” என்பார். கனடிய மாட்டிறைச்சி அவருக்கு ரப்பர். படித்தவர்களெல்லாம் சில்லறை இல்லாமல் ஏறுகிற பயணிகள். கார் வைத்திருப்பவர்களைத்தான் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

காரில் போகும் தமிழர்களுள் அவருக்கு மிகவும் பிடிக்காதவர் சேதுராமன். திருச்சிக்காரர், எஞ்சினியர், மில்லிக்கனில் வீடு. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலில் பூசை முடிந்ததும், பஸ் இல்லாத அந்த ஊரில் யார் யார் நடந்து போகிறார்கள் என்று தேடிப் பிடித்துக் காரில் ஏற்றுவது அவருடைய வழக்கம். கோவில் சாப்பாட்டுக்காக ஞாயிறு தோறும் அங்கே போய்வந்த இந்த ஐவர் கூட்டம், கத்தோலிக்கனான அகஸ்ரின் உட்பட, அவர் கண்ணில் படாமல் இருக்க முடியாது. ஒருநாள் கார்க் கதவைத் திறந்துவிட்டு, “வாங்க சார், எல்லாரையும் டிராப் பண்றேன்” என்றார்.

குஞ்சித்தம்பி காரை முன்னும் பின்னும் பார்த்தார்.

“பாரிசையே விரலால கடந்தவன் ஐயா நான். உங்கட தகரப் பெட்டிக்குள்ள எனக்குக் கால் நீட்டேலாது.”

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் அகஸ்ரின். அதற்கு அவனிடம் வேறு காரணம் இருந்தது. சற்று முன்புதான் சேதுராமன் பந்தியில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, “நீங்க படிச்சவரு மாதிரி தெரியுது, அடுத்து என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டிருந்தார். மேற்படிப்புக்கான விண்ணப்பம் பாதி நிரப்பியபடி சூட்கேசுக்குள் கிடந்தது. ஆனால் அவன் சொன்ன பதில், “சும்மா, பாப்பம்.” சேதுராமன் அதற்கு மேல் கேட்கவில்லை. தன் விலாச அட்டையைக் கொடுத்துவிட்டுப் பாயசத்துக்குத் திரும்பிவிட்டார். பட்டம் செல்லுபடியாகிற ஒருவன் செல்லுபடியாகாத ஒருவனுக்கு அட்டை கொடுக்கிறான் என்று அகஸ்ரின் நினைத்தான். ஆனாலும் அட்டையை எறியவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் குஞ்சித்தம்பியின் மனைவி நாகேஸ்வரிக்கு விசா கிடைத்தது. இரண்டு வருடமாக ஸ்பொன்சர் பேப்பர்களோடு இழுபட்ட பிறகு கிடைத்த விசா. விமானம் வந்து இறங்குவது மொன்றியலுக்கு வெளியே மிராபெல்லில், சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு. அங்கிருந்து ரொறன்ரோவுக்கு வேறு விமானம் பதிவாகவில்லை. ரயிலில் போய்க் கூட்டிவருவதாக ஏற்பாடு. அந்த வாரம் பார்த்து ரயில்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போனால் வரிசை தெருவைத் தாண்டி நின்றது. ஞாயிறு வரை இடமில்லை.

நாகேஸ்வரி களுவாஞ்சிகுடியை விட்டுக் கொழும்புக்கே இரண்டு முறைதான் போனவர். வந்து இறங்குகிற இடத்தில் ஆள் இல்லையென்றால் என்ன செய்வார்? அதை நினைத்து அப்பார்ட்மென்டில் நான்கு பேரும் தலையைச் சொறிந்தார்கள். புருசன்காரர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“சேதுராமனைக் கேப்பமே அண்ணை?” என்றான் அகஸ்ரின், மனமில்லாமல்.

“யாரை? அந்த டிராப் பண்ற ஆளையோ? என்ர பொஞ்சாதியைக் கூட்டிவர நான் அவன்ர காருக்குக் கை ஏந்தவோ? விரல் இருக்கு மனே. நீ கூட வா. ஏர்போட்டில இங்கிலீசு பேச ஒரு ஆள் வேணும்.”

ஆக, பல்கலைக்கழகம் தந்த நான்கு வருடத்துக்கும் கடைசியில் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இருவரும் மோர்னிங்சைட் றோட்டிலிருந்து மொன்றியல் பக்கம் போகும் 401 பெருந்தெருவுக்குக் கார்கள் இறங்கும் வளைவில் நின்றார்கள். குஞ்சித்தம்பி வெள்ளைச் சேட்டுப் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். அகஸ்ரினை இருபதடி தள்ளி லைட் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தினார்.

“ரெண்டு பேரைக் கண்டா நிப்பாட்டமாட்டான். நான் ஏறினதும் ஓடி வா. இது தொழில் மனே. நீ பார்த்துப் பழகு.”

அகஸ்ரின் கம்பத்துக்குப் பின்னால் நின்று தொழிலைப் பார்த்தான். ஒரு மணி நேரம் ஒன்றும் நிற்கவில்லை. பாரிசில் பத்து நிமிசம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். எட்டரை மணிக்கு ஒரு பிக்கப் வண்டி ஒதுங்கியது. குஞ்சித்தம்பி கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தார். உள்ளே இருந்தவர் ஏதோ கேட்டார். இவர் ஏதோ சொன்னார். வண்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அகஸ்ரின் ஓடிப்போனபோது குஞ்சித்தம்பி புல்லில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னவாம்?”

“விடு. மூதேவி. வாயைத் திறந்ததும் திறக்காததுமா...” என்று முணுமுணுத்து, வாயைத் துடைத்து, கொஞ்ச நேரம் கழித்து எழும்பிப் பழைய இடத்தில் போய் நின்றார்.

ஒன்பதரைக்கு ஒரு சிவப்புக் கார். அதே குனிவு, அதே இரண்டு வார்த்தை. அதுவும் போயிற்று. மறுபடியும் புல், தண்ணீர். அகஸ்ரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கம்பத்தை விட்டு அவன் நகரவில்லை. நாளைக்கு இறைச்சிக்கறிச் சபையில் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று ஒரு நப்பாசை. களுவாஞ்சிகுடிப் பெண் ஒருத்தி அப்போது ஆகாயத்தில் எங்கோ வந்துகொண்டிருப்பது அந்த நேரத்தில் அவன் நினைவில் இல்லை. பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டான்.

பத்தேகாலுக்கு ஒரு நீலக் கார் நின்றது. பின்னால் இருந்த நம்பர் தகடு ஒன்ராறியோத் தகடு அல்ல, கியூபெக் தகடு. ஓட்டி வந்தவர் வயதான பெண்மணி. பின்சீற் முழுவதும் பூஞ்செடிச் சட்டிகள், முன்சீற் காலி. அகஸ்ரின் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஐந்தடி தூரத்தில் கேள்வியும் பதிலும் அவன் காதில் விழுந்தன. அந்தப் பெண்மணி, “எங்கே போகிறீர்கள்?” என்று இங்கிலீசில் கேட்டார். குஞ்சித்தம்பி முகத்தைச் சுளித்து, கையை அலட்சியமாக வீசி, “நியர், மேடம். ஒன்லி நியர்” என்றார்.

கிட்டத்தான் என்றால் நடந்தே போகலாமே, தான் மொன்றியலுக்குப் போவதாகவும் வழியில் நிறுத்த வசதிப்படாது என்றும் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லிவிட்டு, அகஸ்ரின் மூச்சு வாங்கி வாயைத் திறக்குமுன், அந்த அம்மாள் கண்ணாடியை உயர்த்தினார். பூச்சட்டிகள் ஒருமுறை குலுங்கின. கார் வளைவில் இறங்கி 401இல் கலந்தது.

“மொன்றியல்! மொன்றியல்!” என்று கத்திக்கொண்டே அகஸ்ரின் ஐம்பது யார் தூரம் ஓடினான். திரும்பி வந்தபோது குஞ்சித்தம்பி போத்தலைத் திறந்துகொண்டிருந்தார்.

“அண்ணை, உமக்கென்ன விசரோ? மொன்றியல் கார்! ஏன் கிட்டத்தான் எண்டு சொன்னனீர்?” கோபத்தில் மரியாதை இறங்கிப்போனது.

“பயணம் வெளிக்கிட்டு நிக்கிற மனிசனிட்ட எங்க போறாய் எண்டு கேக்கலாமா? கேட்டவன் கெடுத்தான். சொன்னவன் கெட்டான். கிட்டத்தான் எண்டு சொல்லிப்போட்டு, இருந்து, ஒரு முடக்குத் தண்ணி குடிச்சு, மறுகா புதுசா வெளிக்கிடோணும். உன்ர அம்மா சொல்லித் தரயில்லையா?”

அம்மா சொல்லித் தந்திருந்தாள். வேதக்கார வீடென்றாலும் அதில் மாற்றமில்லை. கனடாவுக்குப் புறப்பட்ட அன்று ஒழுங்கையில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோருக்கும் அவள், “பெடியனைச் சந்தையடியில விட்டிட்டு வாறன்” என்று சொல்லிக்கொண்டே வந்தவள். ஆனால் அம்மா 401இன் வளைவில் நின்று காருக்குக் கை காட்டியவளல்ல.

“கார் நிப்பாட்டிறவன் வேற என்னத்தைக் கேப்பான்? நீங்கள் பதினெட்டு வருசம் பஸ்ஸில ஏறினவனையெல்லாம் எங்க எங்க எண்டு கேட்டுத்தானே ரிக்கற் கிழிச்சனீங்கள்?”

“பஸ்ஸில கேக்கிறது தொழில். றோட்டில கேக்கிறது சகுனம்.”

அப்போதுதான் அகஸ்ரினுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அவன் அவருக்கு முன்னால் புல்லில் குந்தினான்.

“பாரிசில எத்தினை கார் நிண்டது?”

குஞ்சித்தம்பி போத்தல் மூடியைத் திருகினார். ஒருமுறை பூட்டினார், பிறகு திறந்தார்.

“ஏழு.”

“ஏழு பேரும் கேட்டவங்களோ?”

“அவன்ர பாசையில கேட்டான். கேள்வி தெரியும்தானே.”

“நீங்கள்?”

“இப்பிடிக் கையை நீட்டி, இதிலதான் எண்டு காட்டினன்.” அவர் கை முன்னால் ஒரு முழத் தூரத்தைக் காட்டியது. “அவனுகள் நல்ல மனிசர். ஏத்தினவனுகள். அடுத்த வாசலில இறக்கிவிட்டானுகள். மற்றவன் அதுக்கு அடுத்த வாசலில. பாரிசைச் சுத்தி ஒரு வட்ட றோட்டு ஓடுது மனே. எனக்கென்ன தெரியும்? ரெண்டு நாள். ஏழாவது கார் இறக்கிவிட, நிமிந்து பாத்தன். வெளிக்கிட்ட வடக்கு வாசல்.”

அகஸ்ரின் சிரிக்கவில்லை. சிரிப்பு வயிற்றுக்குள் தயாராகத்தான் இருந்தது. இந்த மனிதரா தன்னைப் பார்சல் என்றவர்?

“லொறி?”

“லொறியும் இல்ல, மண்ணும் இல்ல. அறைக்குத் திரும்பிப் போனன். ஏழு மாசம் கோப்பை கழுவினன். மறுகா ஏஜென்சிக்காரன்தான் பிளேனில ஏத்தினவன்.” அவர் எழும்பிப் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். “பெடியங்களுக்குச் சொல்லாத.”

மணி பதினொன்றாகிக்கொண்டிருந்தது. அகஸ்ரின் பெற்றோல் ஸ்ரேசன் பக்கம் நடந்தான். அங்கே ஒரு ரெலிபோன் கூண்டு இருந்தது. விலாச அட்டை பேர்சுக்குள் வியர்வையில் மெலிந்துபோயிருந்தது. எண்ணை அழுத்துமுன் இரண்டு தரம் ரிசீவரைத் திரும்ப வைத்தான். குஞ்சித்தம்பியின் பேச்சுக்குச் சிரித்த அதே வாயால் இப்போது கேட்க வேண்டும். அதுதான் கசந்தது. மிராபெல்லில் நிற்கப்போகும் பெண்ணைவிடத் தன் வாயின் கசப்புப் பெரிதாகப் போயிற்றா என்று தன்னையே கேட்டான். பதில் பிடிக்கவில்லை. எண்ணை அழுத்தினான்.

மிராபெல், ஐந்து மணி, அண்ணையின் மனைவி என்றதற்கு மேல் சேதுராமன் சொல்லவிடவில்லை. “இப்ப எந்த இடத்துல நிக்கிறீங்க?” என்று மட்டும் கேட்டார். அரை மணிக்குள் அந்தத் தகரப் பெட்டி வளைவில் வந்து நின்றது. முன்சீற்றில் ஒரு சாப்பாட்டுப் பை. எங்கே, ஏன், எத்தனை மணிக்கு என்று ஒரு கேள்வி இல்லை.

“கிளம்பலாமா?” என்றார்.

குஞ்சித்தம்பிக்கு அந்தச் சொல்லில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. பின்கதவைத் திறந்து ஏறினார். ஏறியதும் காலை நீட்டிப் பார்த்தார். நன்றாகவே நீட்ட முடிந்தது.

ஏழு மணி நேர ஓட்டம். கிங்ஸ்ரன் தாண்டும்போது குஞ்சித்தம்பி குறட்டை விட்டார். சேதுராமன் கண்ணாடியில் அதைப் பார்த்துப் புன்னகைத்து, குரலைத் தாழ்த்தி அகஸ்ரினிடம் கேட்டார்:

“அன்னிக்குக் கேட்டேனே. மேல படிக்கிற ஐடியா ஏதாவது இருக்கா? நமக்குத் தெரிஞ்ச புரொபசர் ஒருத்தர் இருக்கார்.”

பாதி நிரப்பிய விண்ணப்பம் அகஸ்ரினின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“இன்னும் ஒண்டும் யோசிக்கேல்லை” என்றான்.

சொன்ன மறு கணமே பின்சீற்றைத் திரும்பிப் பார்த்தான். வாய் திறந்தபடி தூங்கிய அந்த முகத்தை எவ்வளவு நேரம் வெறுக்க முடியுமோ அவ்வளவு நேரம் வெறுத்தான். கையை ஒரு முழம் நீட்டி இதிலதான் என்று காட்டிய ஆள் அவர் மட்டுமல்ல என்பது மட்டும் உறுத்தியது.

மிராபெல்லுக்குள் நுழைந்தபோது ஆறரை மணி. நாகேஸ்வரி ஒரு தூணோடு சாய்ந்து, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். நெடிய பெண், நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு துண்டுக் கடிதாசி. கேட்ட உத்தியோகத்தர் எல்லோரிடமும் அதைக் காட்டி, ரொறன்ரோ, மோர்னிங்சைட், புருசன் வருவார் என்று உரத்துச் சொல்லிக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார். எங்கே போகிறேன் என்று சொல்வதில் அந்த அம்மாளுக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. கூட்டிப்போக மொழி தெரிந்த ஆள் ஒன்றும் தேவைப்படவும் இல்லை.

“எங்க போன நீங்க இவ்வளவு நேரம்?” இதுதான் மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் வார்த்தை.

குஞ்சித்தம்பி தொண்டையைச் செருமினார். நெஞ்சு நிமிர்ந்தது.

“ரயில் இல்ல புள்ள, பஸ் இல்ல. நான் விட்டனா? கடிதத்தில எழுதினன்தானே பாரிஸ் கதை? அதே விரல். றோட்டில இறங்கி நிண்டன். பத்து நிமிசம். இந்த ஐயா நிப்பாட்டி ஏத்தினவர்.”

பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சேதுராமன் அப்படியே நின்றார். அவர் அகஸ்ரினைப் பார்த்தார். அகஸ்ரின் தன் சப்பாத்தைப் பார்த்தான். இதோ இந்த இடத்தில்தான் உடைத்துவிட வேண்டும் என்று வார்த்தைகள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. ஆனால் சேதுராமனிடம் சொல்லாமல் விழுங்கிய விண்ணப்பக் கதையும் அதே பல்லுக்குப் பின்னால்தான் கிடந்தது.

நாகேஸ்வரி சேதுராமனைக் கும்பிட்டார். “முன்னப்பின்ன தெரியாத எங்களுக்காக...”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றார் சேதுராமன். “கிளம்பலாமா?”

மொன்றியலில் சேதுராமனின் மைத்துனர் வீட்டில் இராத் தங்கல். வெயில் இன்னும் இருந்தது. நாகேஸ்வரியும் குஞ்சித்தம்பியும் பின்சீற்றில். மத்தியானம் முழுதும் நிறுத்தாமல் ஓடி வந்ததில் ஒருவரும் தொடாமல் கிடந்த சாப்பாட்டுப் பையை எடுத்து, “பசியோட இருப்பீங்க, பிரிச்சுக் கொடுங்கம்மா” என்று சேதுராமன் பின்னுக்கு நீட்டினார். நாகேஸ்வரி பையைத் திறந்தார். எலுமிச்சம்பழச் சோறு. ஒவ்வொரு பொட்டலமாக மடியில் அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சேதுராமனின் பின்தலையைப் பார்த்தார். திரும்பி அகஸ்ரினின் காதைப் பார்த்தார். அந்தக் காது சிவந்திருந்தது. கடைசியாகப் புருசனைப் பார்த்தார்.

“றோட்டில நிண்டவரை ஏத்தின மனிசன், நாலு பேருக்குச் சோறு கட்டிக்கொண்டா வெளிக்கிட்டவர்?”

சேதுராமன் கண்ணாடியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

“பாரிசும் இப்பிடித்தானா?” என்றார் நாகேஸ்வரி.

குஞ்சித்தம்பி யன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார். பெருவிரல் மற்ற நான்கு விரல்களுக்கும் உள்ளே போயிருந்தது. நாகேஸ்வரி அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பொட்டலத்தை அதில் வைத்தார்.

“தின்னுங்க. பத்து நிமிசம் நிண்ட களை இருக்கும்.”